கம்பியின் குணமறிந்து கருவி செய்வோம்

(கேரி தீவில் பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கூட்டம் என்றதும் சம்பளத்தைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவற்றை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இரும்புக் கம்பி. இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். பேனா பிடிக்கும் கிராணிக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்களும் கேட்கலாம். வேலை இருக்கிறது, தோழர்களே! பட்டறைக்கு வரும் ஒவ்வோர் ஆணியும் எங்கள் ஸ்டோர் புத்தகத்தின் வழியாகத்தான் வருகிறது. எது கேட்கப்பட்டது, எது கொடுக்கப்பட்டது, எது 'இப்போது இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டது என்பதெல்லாம் எங்கள் கைப்பட எழுதியவை. 'இப்போது இல்லை' என்று நாங்கள் எழுதிய மறுநாளே, அந்தச் சாமானை நீங்கள் கிடைத்த கம்பியில் செய்துகொள்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கும் கடமை உண்டு.

இந்தத் தீவில் ஒரு காலத்தில் கித்தா மரம் நின்றது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். பால் வெட்டிய உளி போய், நீண்ட கழியில் மாட்டிய அரிவாளும் குலை தள்ளும் உளியும் வந்துவிட்டன. அவற்றை வாங்கித் தருகிறார்கள். ஆனால் டிராக்டரும் லோரியும் பழுதானால் வேண்டியிருக்கும் இரும்பு வெட்டும் உளி, புள்ளி குத்தும் கம்பி, ஊசி தட்டி எடுக்கும் கம்பி, நெம்புகோல், குலையைக் குத்தி லோரியில் ஏற்றும் குத்துக்கம்பி ஆகியவற்றில் பல நம் பட்டறையிலேயே பிறக்கின்றன. கடைக்கு எழுதி, ஒப்புதல் வாங்கி, சாமான் வந்து சேரும் வரை வேலை காத்திருக்குமா? காத்திராது. ஆகவே நம் ஆட்கள் செய்துகொள்கிறார்கள். கைத்திறனுக்குக் குறைவில்லை. குறைவது ஒன்றே ஒன்று. கையில் எடுத்த கம்பி எப்படிப்பட்ட இரும்பு என்ற விசாரணை நடப்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பட்டறையில் நடந்ததைச் சொல்லுகிறோம். தேய்ந்துபோன அரம் ஒன்றை எடுத்து, முனையைச் சாணை பிடித்து, ஓர் இளைஞர் உளியாக்கிக்கொண்டார். அரம் கடினமான இரும்பு அல்லவா, நன்றாக வெட்டும் என்பது அவர் எண்ணம். மூன்றாவது சம்மட்டி அடியில் அது கண்ணாடிபோல் உடைந்தது. ஒரு சில்லு கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் திரும்பி வரவில்லை. ஸ்டோர் புத்தகத்தில் அந்த நாளுக்கு என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பழைய அரம் 1, கழிவு.' அவ்வளவுதான்! ஒரு மனிதனின் கண்ணை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

தோழர்களே! இரும்பு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே பொருள் அல்ல. குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் ருசி மாறிவிடுவது போல, இரும்பில் கரி சிறிது கூடினால் அதன் குணமே மாறிவிடும். நூறு பங்கில் கால் பங்குக்கும் குறைவாகக் கரி இருந்தால் அது மெல்லிரும்பு. வளையும், நிமிரும். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் உளி முனைக்கு வேண்டிய கடினம் ஏறாது. 0.3 முதல் 0.6 பங்கு வரை இருந்தால் நடுத்தரம். லோரியின் அச்சுக்கம்பியும் ஸ்பிரிங் பட்டையும் இந்த இனம். 0.6-க்கு மேல் ஏறினால் உளிக்கும் அரத்துக்கும் உகந்த உருக்கு. அரத்தில் 1 பங்குக்கு மேலேயே கரி உண்டு. அதனால்தான் அது அவ்வளவு கடினம். அந்தக் கடினத்தைத் தணிக்காமல் சம்மட்டியால் அடித்தால் உடைகிறது. கடினமும் உறுதியும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

உருக்கு என்ற சொல்லைச் சொல்லும்போது நாம் சற்று நிமிர்ந்து நிற்கலாம். தென்னாட்டுக் கொல்லர் மண் குகையில் இட்டு உருக்கிய உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். அது எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய, விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1819-ஆம் ஆண்டிலேயே அதை ஆராய்ந்து எழுதினார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தோண்டியபோது பழங்கால இரும்பு உலைகள் கிடைத்தன. இந்த நாட்டின் கதையையும் பாருங்கள். பிறையில் 1967-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை, தன் ஊதுலைக்குக் கித்தா மரக் கரியை எரித்தது. பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டப்பட்ட மரங்கள் கரியாகி, இந்நாட்டின் இரும்பை உருக்கின. நம் முன்னோர் வெட்டிய மரமே இரும்பானது என்றால், அந்த இரும்பின் குணத்தை நாம் அறியாமல் இருக்கலாமா?

இனி விஷயத்துக்கு வருவோம். கம்பியைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை அடிக்கப் போகிறோமா? வளைத்து நெம்பப் போகிறோமா? இதில் பாரத்தைத் தொங்கவிடப் போகிறோமா?

அடித்து வெட்டும் கருவியானால், முனை கடினமாக இருக்கவேண்டும், தலை மெதுவாக இருக்கவேண்டும். இதற்குக் கரி மிகுந்த உருக்குக் கம்பி வேண்டும். கடையில் 'சில்வர் ஸ்டீல்' என்று கேட்டால் வழவழவென்று பளபளக்கும் கம்பியைத் தருவார்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே வெள்ளி கிடையாது. ஏறத்தாழ 1 பங்கு கரி உண்டு. புள்ளி குத்தும் கம்பிக்கும், கோடு கிழிக்கும் ஊசிக்கும், சிறு உளிக்கும் இது அருமையானது. எண்ணெயில் தோய்க்கும் இனம் வேண்டுமானால் ஜப்பானிய எண்ணில் 'எஸ்.கே.எஸ். 3' என்று கேட்கலாம்.

நெம்பும் கருவியானால், உடையாமல் வளைந்து திரும்பும் குணம் வேண்டும். இதற்கு நடுத்தர இரும்பு ஏற்றது. 'எஸ் 45 சி' என்று கேளுங்கள். அந்த 45 என்பது 0.45 பங்கு கரியைக் குறிக்கிறது. அதைவிட உறுதி வேண்டுமானால், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 'எஸ்.சி.எம். 440' உண்டு. குலை ஏற்றும் குத்துக்கம்பிக்கு எஸ் 45 சி கம்பியை வாங்கி, தோய்ச்சல் வைக்காமல் அப்படியே பயன்படுத்தினாலே போதும். முனை மழுங்கினால் அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். மிகக் கடினமாக்கிய முனை, குலை கையில் இருக்கும்போது முறிந்தால், அந்தக் குலை விழுவது காலின்மேல் அல்லவா?

பாரத்தைத் தொங்கவிடும் கொக்கி, சங்கிலி வளையம், டிராக்டரைத் தாங்கும் முட்டு ஆகியவற்றை மட்டும் பட்டறையில் செய்யவே கூடாது. எவ்வளவு நல்ல கம்பி கிடைத்தாலும் சரி, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்டு வரும் சாமானைத்தான் கேட்டு வாங்கவேண்டும். அதன் கீழே ஓர் ஆள் படுத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

கம்பியை எங்கே தேடுவது? முதல் வழி, புதிதாக வாங்குவது. கிள்ளானிலும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைப் பக்கத்திலும் இரும்பு விற்பவர்கள் உண்டு. முழு நீளக் கம்பி நமக்கு வேண்டியதில்லை. இயந்திரப் பட்டறைகளுக்கு இரும்பு விற்பவரிடம் போனால், துண்டாக அறுத்தும் தருவார்கள், மிஞ்சிய துண்டுகளையும் எடைக்குத் தருவார்கள். போகும்போது 'நல்ல இரும்பாகக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வந்ததும் கம்பியின் நுனியில் சாயம் பூசி, எண்ணை எழுதி வையுங்கள். அறுக்கும்போது சாயம் பூசிய நுனியைக் கடைசிவரை மிச்சம் வையுங்கள். ஒரு சாயப் புட்டியின் விலை ஒரு கண்ணின் விலையைவிட மிகவும் குறைவு.

இரண்டாவது வழி, பெசி பூரோக் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. அங்கே லோரி ஸ்பிரிங் பட்டை கிடைக்கும். நல்ல உருக்கு, பாராங் கத்திக்கும் சுரண்டிக்கும் நெம்புகோலுக்கும் ஏற்றது. ஆனால் பல வருஷம் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புக்கட்டியைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் தூக்கி எறியுங்கள். சுருள் ஸ்பிரிங்கும் நல்லதுதான். ஆனால் வண்டியில் அழுத்தத்தோடு மாட்டியிருக்கும் சுருளை அறுக்கப் போகாதீர்கள். அது விடுபட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

கட்டடக் கம்பி, அதாவது கான்கிரீட்டுக்குள் போடும் முறுக்குக் கம்பி, எங்கும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறது என்பதற்காகவே பலரும் அதில் உளி செய்கிறார்கள். இக்காலத்துக் கம்பியை ஆலையிலேயே தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைப்பதால், மேல்தோல் கடினமாகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். நாம் அதை உலையில் சிவக்கக் காய்ச்சினால் அந்தத் தோலின் கடினமும் போய்விடும். பந்தல் முளைக்கும், கருவிகளை மாட்டும் கொக்கிக்கும் அது போதும். உளிக்கு ஆகாது.

துத்தநாகம் பூசிய குழாயையும் கம்பியையும் உலையில் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போனால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். குரோமியப் பூச்சு உள்ள பளபளப்பான தண்டுகளையும் காய்ச்சாதீர்கள், சாணையும் பிடிக்காதீர்கள். இன்னொன்று சொல்லவேண்டும். ரயில் தண்டவாளத் துண்டு பட்டறைக்கல்லாக நன்றாக உதவும் என்பது உண்மைதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத தண்டவாளத்தையும் சாக்கடை மூடியையும் யாரேனும் மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். திருட்டுச் சாமான் பட்டறைக்குள் இருந்தால், போலீஸ் தேடுவது விற்றவனை மட்டுமல்ல.

கம்பி கையில் இருக்கிறது, எண் தெரியவில்லை. என்ன செய்வது? மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது பொறி. சாணைக்கல்லில் இலேசாக வைத்துப் பாருங்கள். மெல்லிரும்பானால் வைக்கோல் நிறத்தில் நீண்ட கோடுகளாகப் பறக்கும், பூப்பது குறைவு. கரி கூடக்கூட, பொறி மத்தாப்புபோல் பல கிளையாக வெடிக்கும். எண் தெரிந்த ஒரு கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாற்றிமாற்றி ஒப்பிடுங்கள். கண் விரைவில் பழகிவிடும்.

இரண்டாவது அரம். கம்பியில் ஒரு சிறு துண்டை அறுத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, அரத்தால் தேயுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் அது கடினமேறும் இனம். மண்போல் தேய்ந்தால் மெல்லிரும்பு. மூன்றாவது முறிப்பு. தோய்த்த அந்தத் துண்டைத் துணியில் சுற்றி, குறட்டில் பிடித்துத் தட்டுங்கள். வளைந்தால் உளிக்கு ஆகாது. பட்டென்று முறிந்து, முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் நெருக்கமாகத் தெரிந்தால் நல்ல உருக்கு. சர்க்கரைபோல் பெரிய மணியாகத் தெரிந்தால், அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டோம் என்று அர்த்தம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால் நம்புங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்தக் கம்பியை உளியாக்காதீர்கள்.

நல்ல கம்பியாக இருந்தாலும் தோய்ச்சல் தவறினால் பயனில்லை. உளியின் முனையில் ஓர் அங்குலம் மட்டும் காய்ச்சுங்கள். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நிழலில் நின்று பாருங்கள். காந்தத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றே காய்ச்சி, சில்வர் ஸ்டீலானால் தண்ணீரில், ஸ்பிரிங் பட்டையானால் எண்ணெயில், நேராக இறக்கி மேலும் கீழுமாக அசையுங்கள். எண்ணெய்க்குப் பழைய என்ஜின் எண்ணெயைத் தேடவேண்டாம். அதன் புகை கெடுதி. நம் செம்பனை எண்ணெயே போதும். முன்பு வேல்ஸ் நாட்டுத் தகர ஆலைகளில் தகடு தோய்க்கவும் செம்பனை எண்ணெயைத்தான் உபயோகித்தார்கள். இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி, மூடியையும் மணல் வாளியையும் அருகில் வையுங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள். தண்ணீரை ஊற்றவே கூடாது!

தோய்த்த முனை அப்போது கண்ணாடிபோல் இருக்கும். உடனே தணிக்கவேண்டும். முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனையை நோக்கி ஓடிவரும். ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் நிறம். கோடு கிழிக்கும் ஊசிக்கு அதுவே அளவு. 250-ல் செம்பழுப்பு, புள்ளி குத்தும் கம்பிக்கு. 280-ல் கத்தரிப்பூ நிறம். இரும்பு வெட்டும் உளிக்கு. 300-ல் நீலம், திருப்புளிக்கு. வேண்டிய நிறம் முனைக்கு வந்ததும் தண்ணீரில் வைத்து நிறுத்துங்கள். அந்த அரம் உடைந்த கதையில் நடக்காமல் போனது இந்த ஒரு காரியம்தான்.

தலையை ஒருபோதும் தோய்க்காதீர்கள். அடிபட்டு அடிபட்டுத் தலை காளான்போல் விரிந்தால், அந்த விளிம்பும் சில்லாகத் தெறிக்கும். விரிந்ததும் சாணையில் வைத்துச் சரிசெய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் சம்மட்டியைத் தொடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும். சில்லுக்கு ஆள் தெரியாது.

இந்தத் தீவில் நம் அண்டை வீட்டாரான மா மெரி மக்களைப் பாருங்கள். சுங்கை பும்புனில் அலையாத்திக் காட்டின் கடினமான சிவப்பு மரத்தில் முகமூடியும் சிற்பமும் செதுக்குகிறார்கள். உளி சரியில்லாவிட்டால் அந்த வேலை நடக்குமா? தன் கருவியைத் தானே அறிந்து பேணுகிறவனுக்குத்தான் வேலை கைவசப்படும். அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

இவ்வளவும் நம் கடமை. நிர்வாகத்தின் கடமை என்ன? 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அபாயமில்லாத இயந்திரமும் சாதனமும் தருவது முதலாளியின் பொறுப்பு என்கிறது. அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் கைக்கருவியும் அடங்கும். அச்சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று 26-ஆம் பிரிவு கூறுகிறது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை அணிவது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு உரிமை பேசுவது முறையல்ல.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. எண் எழுதிய உருக்குக் கம்பி சில அளவுகளில் ஸ்டோரில் எப்போதும் இருக்கட்டும். கண்ணாடி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். சாணை இயந்திரத்துக்குக் காப்பு இருக்கட்டும். இவற்றை வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 'இப்போது இல்லை' என்ற பதில் வந்தால் அதையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். கிராணிமார்களாகிய நாங்கள் எழுதித் தருவோம். எழுதிய தாள் கூட்டத்தில் பேசும். பேசிய பேச்சு காற்றோடு போய்விடும்.

இன்னொரு வார்த்தை. இன்று நம்மோடு பட்டறையிலும் வயலிலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தோழர்கள் வேலை செய்கிறார்கள். 2019 ஜனவரி முதல் வேலை விபத்துக் காப்புறுதியில் வெளிநாட்டுத் தொழிலாளரும் பெர்க்கெசோவின் கீழ் வந்துவிட்டனர். காயம்பட்டால் அவர்களுக்கும் உரிமை உண்டு. நம் தாத்தாமார் கப்பலில் வந்திறங்கிய நாளில் அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நாம் இவர்களுக்குச் சொல்லித்தருவோம். வைக்கோல் நிறமும் கத்தரிப்பூ நிறமும் எந்த மொழிக்காரர் கண்ணுக்கும் ஒன்றுதான்.

தோழர்களே! நாளைக் காலையில் பட்டறைக்குப் போனதும் முதல் காரியமாக, மூலையில் கிடக்கும் கம்பிகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். எண் தெரிந்தவை ஒரு பக்கம், சோதிக்கவேண்டியவை ஒரு பக்கம், ஆகாதவை ஒரு பக்கம். தலை விரிந்த உளிகளையும் அரத்தில் செய்த உளிகளையும் அன்றைக்கே ஒதுக்குங்கள். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. அரை நாள் போதும். மிச்சத்தைக் கேட்டு வாங்குவதற்குச் சங்கம் இருக்கிறது.